காகிதம் தாங்கும் பாரம்

ஹேங் கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. ஓட்டுபவரே இறக்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு சரிவில் ஓடி, காற்று அதைத் தூக்கியதும் அடியில் பட்டையில் தொங்கியபடி பறக்க வேண்டும். திருப்புவதற்குச் சுக்கானும் இல்லை. உடம்பை இடப்பக்கம் நகர்த்தினால் இறக்கை இடப்பக்கம் சாயும். முன்னால் இழுத்தால் மூக்கு தாழ்ந்து வேகம் கூடும், பின்னால் தள்ளினால் வேகம் குறையும். இந்த இறக்கையை அலுமினியக் குழாயும் டாக்ரான் துணியும் கொண்டு தொழிற்சாலையில் செய்வது வழக்கம். அதையே காகிதத்தில் போர்த்தி, தாங்களே கட்டி, தாங்களே பறக்க வேண்டும் என்று மாணவர்களுக்குப் போட்டி வைத்தால் கேட்பவர் சிரிக்கத்தான் செய்வார். ஆனால் கணக்கு காகிதத்தின் பக்கம்தான் இருக்கிறது.

70 கிலோ எடையுள்ள ஓர் இளைஞர், 25 கிலோ எடையுள்ள கிளைடர், 15 சதுர மீட்டர் இறக்கை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 95 கிலோ. அதை இறக்கைப் பரப்பால் வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஆறரைக் கிலோவுக்கும் குறைவு. ஒரு கதவின் அளவுள்ள பரப்பில் ஒரு சிப்பம் அரிசியின் பாதி எடை, அவ்வளவே. இந்த இறக்கை தரையை விட்டு எழ வேண்டிய வேகம் மணிக்கு ஏறத்தாழ 37 கிலோமீட்டர். எந்த மாணவரும் கிளைடரைச் சுமந்துகொண்டு அந்த வேகத்தில் ஓட முடியாது. எதிர்க்காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் இருந்தால் மீதி 17-ஐ ஓடினால் போதும். கிளைடரைக் காற்றுக்கு எதிர்முகமாகத்தான் ஓட்ட வேண்டும் என்ற முதல் விதி இங்கிருந்துதான் வருகிறது.

அனகாபுத்தூரில் இந்த விதியைத் தலைக்கு மேலேயே பார்க்கலாம். சென்னை விமான நிலையத்தின் பிரதான ஓடுபாதையின் மேற்கு முனைக்கு அப்பால், அடையாற்றங்கரையில் இருக்கிறது ஊர். கடற்காற்று உள்ளே வந்துவிட்ட மாலைகளில் விமானங்கள் மேற்கிலிருந்து, இந்த வீடுகளுக்கு மேலாக, கிழக்கு நோக்கி இறங்கும். பல டன் எடையுள்ள ஜெட்டுக்கும் மூங்கில் கட்டிய கிளைடருக்கும் காற்று ஒரே சட்டத்தைத்தான் வைத்திருக்கிறது.

மனிதன் தொங்கிப் பறந்த இறக்கைகளின் கதை துணியில் தொடங்குகிறது. ஜெர்மனியின் ஓட்டோ லிலியென்தால் 1891-இல் முதல் சறுக்கல்களைச் செய்தார். வளார்க் குச்சிகளால் சட்டம் கட்டி அதன்மேல் சாதாரணப் பருத்தித் துணியைப் போர்த்தினார். அவர் விலைக்கு விற்ற கிளைடரின் எடை ஏறத்தாழ 20 கிலோ, பரப்பு 13 சதுர மீட்டர். இன்றைய கணக்கோடு அது அநேகமாக ஒத்துப்போவது வியப்பில்லை. மனித உடம்பின் எடையும் ஓட்டத்தின் வேகமும் மாறவில்லை. பெர்லினுக்கு அருகே மலை இல்லாததால் 1894-இல் 15 மீட்டர் உயரத்துக்கு மண்ணைக் கொட்டி ஒரு குன்றையே எழுப்பிக்கொண்டார். ஏறத்தாழ 2000 முறை பறந்த அவர் 1896 ஆகஸ்ட் 9-இல் விழுந்து மறுநாள் இறந்தார். இறக்கை கிழிந்ததால் வந்த விபத்து அல்ல அது. காற்றில் வேகம் இழந்து மூக்கு நிமிர்ந்தபோது, தொங்கும் உடம்பை வேண்டிய அளவுக்கு நகர்த்த முடியாமல் போனது. ஹேங் கிளைடரில் பொருளைவிடக் கட்டுப்பாடே பெரிய சிக்கல் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

காகிதத்தைத் துணிந்து விமானத்தில் போர்த்தியவர் இங்கிலாந்தின் ஏ.வி. ரோ. அவர் கதையும் ஒரு போட்டியில்தான் தொடங்குகிறது. 1907-இல் ‘டெய்லி மெயில்’ பத்திரிகை நடத்திய மாதிரி விமானப் போட்டியில் அவருக்கு 75 பவுண்டு பரிசு கிடைத்தது. அந்தப் பணத்தில் நிஜ விமானம் கட்டத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு கட்டிய மூவடுக்கு இறக்கை விமானத்துக்கு எண்ணெய் ஊட்டிய காகிதத்தைப் போர்த்தினார். துணி வாங்கக் காசு இல்லை என்பதைத் தவிர அதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. 9 குதிரைத்திறன் எஞ்சினோடு 1909 ஜூலையில் லண்டன் லீ சதுப்பு வெளியில் அது எழுந்தது. அதே மாதம் பிரெஞ்சு விமானி ப்ளேரியோ ஆங்கிலக் கால்வாயைக் கடந்து உலகின் கவனத்தை எல்லாம் அள்ளிக்கொண்டார். காகித இறக்கை விமானமோ இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ப்ளேரியோவின் பறப்பு சென்னையிலும் ஒருவரைத் தொற்றியது. கோர்சிகாவிலிருந்து வந்து மவுன்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜக்கோமோ டாஞ்செலிஸ், தானே வரைந்த ஈரடுக்கு விமானம் ஒன்றைச் சிம்சன் கம்பெனியில் கட்டச் சொன்னார். சிம்சன் அப்போது குதிரை வண்டிகளுக்கும் மோட்டார் வண்டிகளுக்கும் கூடு கட்டிய நிறுவனம். மரச்சட்டத்தை வளைத்து இழுத்துப் போர்த்தும் தொழில் அங்கே இருந்தது. விமானத்தைப் பல்லாவரத்தில் சோதித்துவிட்டு, 1910 மார்ச்சில் தீவுத்திடலில் கட்டணம் வைத்து மக்களுக்குக் காட்டினார். அலகாபாத்தில் முதல் விமான அஞ்சல் பறந்தது அதற்கடுத்த ஆண்டு பிப்ரவரியில். அனகாபுத்தூருக்குப் பக்கத்து ஊரில், ஒரு ஹோட்டல்காரரும் வண்டிக்கூடு கட்டும் ஆசாரிகளும் சேர்ந்து இந்தியப் பறப்பின் முதல் பக்கங்களில் ஒன்றை எழுதியிருக்கிறார்கள். பல்லாவரத்தில் அதற்கு ஒரு கல்வெட்டு வைத்தால் குற்றமில்லை.

மாணவர்கள் கூட்டாகக் கட்டிப் பறக்கும் போட்டி பிறந்த இடம் ஜெர்மனியின் வாசர்குப்பே குன்று. முதல் உலகப் போருக்குப் பிந்தைய வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மானியர்களின் எஞ்சின் விமானங்களுக்கு முட்டுக்கட்டை போட்டது. எஞ்சின் இல்லாமல் பறப்பதை எந்த ஒப்பந்தமும் தடுக்கவில்லை. 1920 கோடையில் ஆஸ்கர் உர்சினுஸ் என்ற பத்திரிகையாசிரியரின் அழைப்பை ஏற்று இளைஞர்கள் கிளைடர்களோடு அந்தக் குன்றில் கூடினார்கள். ஆகன் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் கட்டிய ‘கரும்பேய்’ என்ற கிளைடரில் வொல்ஃப்காங் கிளெம்பரர் 2 நிமிடம் 22 வினாடியில் 1830 மீட்டர் பறந்து முதலிடம் பெற்றார். அதே கூட்டத்தில் வால்பகுதி முறிந்து ஒருவர் இறந்தார். இரண்டே ஆண்டில், 1922 ஆகஸ்டில், ஹனோவர் மாணவர்களின் ‘வாம்பயர்’ கிளைடர் ஒரு மணி நேரத்துக்கு மேல் காற்றில் நின்றது. சில நாட்களில் அதுவே மூன்று மணி நேரம் நின்றது. இரண்டு நிமிடத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்கு இரண்டு ஆண்டுகளில் போனது, பணத்தால் அல்ல. ஒருவர் கட்டியது உடைந்த விதத்தை மற்ற எல்லாரும் அதே சரிவில் நின்று பார்த்தார்கள். போட்டி என்ற ஏற்பாட்டின் பயன் அதுதான். பரிசு ஒரு சாக்கு. அன்று தோன்றிய மாணவர் பறப்புக் குழுக்கள் ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் இன்றும் கிளைடர் வடிவமைக்கின்றன.

நடுவில் அரை நூற்றாண்டு தொங்கும் இறக்கையை உலகம் மறந்திருந்தது. 1948-இல் அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் ரொகாலோவும் அவர் மனைவி கெர்ட்ரூடும், வீட்டுச் சமையலறைத் திரைச்சீலையை வெட்டி, சட்டமே இல்லாமல் காற்றே வடிவம் கொடுக்கும் ஒரு முக்கோண இறக்கையைச் செய்தார்கள். விண்கலங்களை இறக்கப் பயன்படுமா என்று நாசா அதைச் சோதித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. 1963-இல் ஆஸ்திரேலியாவின் கிராஃப்டன் ஊரில், உள்ளூர்த் திருவிழாவின் நீர்ச்சறுக்குக் காட்சிக்காக ஜான் டிக்கென்சன் என்பவர் அதே வடிவத்தில் ஒரு கிளைடர் கட்டினார். ஓட்டுபவர் தொங்குவதற்கும் பிடித்துத் தள்ளுவதற்கும் முக்கோணச் சட்டம் ஒன்றை அடியில் வைத்தது அவர் செய்த பெரிய காரியம். லிலியென்தாலைக் கொன்ற சிக்கலுக்கு விடை அந்தச் சட்டம்; இன்றைய ஹேங் கிளைடர் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. இறக்கைக்கு அவர் போர்த்தியது வாழைத்தாரை மூடிக் கட்டும் பிளாஸ்டிக் தாள். அந்த வட்டாரம் வாழை விளையும் பூமி. கைக்குக் கிடைத்தது அது.

கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் மில்லர் 1966-இல் மூங்கிலும் பாலிதீன் தாளும் வைத்துக் கட்டினார். ஜாக் லாம்பி என்ற பள்ளி ஆசிரியர் தன் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து 25 டாலருக்கும் குறைந்த செலவில் ஈரடுக்குக் கிளைடர் ஒன்றைக் கட்டினார். 1971 மே 23-இல், லிலியென்தாலின் 123-ஆவது பிறந்த நாளில், இப்படிப்பட்ட கைத்தயாரிப்புகள் கலிஃபோர்னியாக் கடலோரக் குன்று ஒன்றில் போட்டிக்குக் கூடின. ஹேங் கிளைடிங் ஒரு விளையாட்டாக எழுந்தது அந்தக் கூட்டத்துக்குப் பிறகுதான். திரைச்சீலை, வாழைத்தார் உறை, பாலிதீன் என்று பார்த்தால், வளர்ந்த கட்டம் எதிலும் இறக்கைத் துணி விலை உயர்ந்த பொருளாக இருந்ததில்லை. காகிதம் இந்த வரிசைக்கு அந்நியமல்ல.

அச்சு இயந்திரத்தில் ஓடும் சாதாரண 80 கிராம் தாளை ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டி இரு முனையையும் நேராக இழுத்தால் ஐந்து கிலோவுக்கு மேல் தாங்கும். மீட்டர் அகலத்துக்குக் கணக்கிட்டால் முந்நூறு கிலோவுக்கும் அதிகம். பறக்கும் இறக்கையின் வளைவுக்கு இரண்டு மீட்டர் ஆரம் என்று கொண்டால், மேலே சொன்ன பாரத்தில் அதன் தோலில் ஏறும் இழுவிசை ஒரு மீட்டர் அகலத்துக்குப் பதின்மூன்று கிலோகூட வராது. தொழில்முறைக் கிளைடர்களைச் சான்றிதழுக்காக ஏறத்தாழ ஆறு மடங்குப் பாரம் ஏற்றிச் சோதிப்பார்கள். அந்த ஆறு மடங்கிலும் காகிதம் தன் வலிமையில் கால்பங்கைத்தான் செலவிடும். 15 சதுர மீட்டருக்கு இந்தத் தாளின் எடை 1.2 கிலோ. ஆக, இழுவிசையைப் பொறுத்தவரை பேச்சுக்கு இடமில்லை.

காகிதம் தோற்கும் இடம் வேறு. அதே தாளின் ஓரத்தில் நகத்தால் ஒரு சின்ன வெட்டுப் போட்டுவிட்டால், அந்த வெட்டைத் தொடர்ந்து கிழிக்க அறுபது கிராம் அளவு விசை போதும். ஐந்து கிலோ தாங்கிய பொருள் அறுபது கிராமுக்குப் பிளந்துகொள்கிறது. நெய்த துணியில் கிழிசல் ஒவ்வொரு நூலாகத் தாண்ட வேண்டும். நூல்கள் நகர்ந்து கூடி நின்று அடுத்த அறுப்பைத் தடுக்கும். காகிதத்தில் சிறு இழைகள் ஒட்டிக் கிடக்கின்றனவே தவிர, ஒன்றுக்கொன்று உதவிக்கு வருவதில்லை. ஆகவே காகித இறக்கை கட்டுகிற குழுவின் வேலை தாளை வலுவாக்குவது அல்ல, கிழிசல் தொடங்காமலும், தொடங்கினால் ஓடாமலும் பார்ப்பது. ஆணி, கொக்கி, கூர்மூலை எதுவும் தாளைத் தொடக்கூடாது. மூங்கிலில் தாள் அமரும் இடமெல்லாம் அகலமான பட்டையாகப் பசை விட்டு ஒட்ட வேண்டும். ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு நூலைக் குறுக்கே ஒட்டிவிட்டால், கிழிசல் அந்த நூல்வரை வந்து நின்றுவிடும்.

தாளுக்கு ஓட்டமும் உண்டு. ஆலையில் கூழ் ஓடிய திசையில் இழைகள் படுத்திருக்கும். அந்தத் திசையில் உள்ள வலிமையில் பாதிதான் குறுக்கே கிடைக்கும். ஈரத்தில் ஊறும்போது தாள் நீள்வதும் குறுக்குவாட்டில்தான். எனவே இரண்டு தாளை ஒன்றின் ஓட்டம் நெடுக்காகவும் மற்றதன் ஓட்டம் குறுக்காகவும் வரும்படி ஒட்டினால், பசையோடு மூன்று கிலோ எடையில் எந்தப் பக்கமும் இளைக்காத தோல் கிடைக்கும். இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளும் மாணவருக்கு இது புதுச் சங்கதி. அனகாபுத்தூர்த் தறிக்காரருக்கு அதை விளக்கவே வேண்டாம். பாவு ஏன் ஊடையைவிட இறுக்கமாக நிற்க வேண்டும், கஞ்சி போட்ட நூல் ஏன் தறியில் அறாமல் ஓடுகிறது, ஓரத்தில் ஏன் நூலை நெருக்கிக் கரை கட்டுகிறோம் என்பதெல்லாம் இறக்கைத் தோலின் பாடங்கள்தான். விமானத் துணியை இறுக்க வார்னிஷ் வந்து சேரும் முன்னர், ஆரம்பகால விமானிகள் ஜவ்வரிசிக் கஞ்சி போன்றவற்றைப் பூசிப் பார்த்ததும் உண்டு.

அனகாபுத்தூர் நெசவைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். கட்டம் போட்ட மெட்ராஸ் கைக்குட்டைத் துணி இங்கிருந்து நைஜீரியாவுக்குக் கப்பலேறிய காலம் ஒன்று இருந்தது. 1970-களில் அந்த நாடு இறக்குமதியை நிறுத்தியதும் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. மிஞ்சியவர்களில் சிலர் வாழைநார், சணல், கற்றாழை, அன்னாசி இழைகளைப் பருத்தியோடும் பட்டோடும் சேர்த்துச் சேலை நெய்யத் தொடங்கினார்கள். இன்று ஊருக்கு வெளியே அனகாபுத்தூர் என்றால் வாழைநார்ச் சேலைதான். வாழைநார் நேராகக் காகிதத்துக்கும் உறவு. வாழைக் குடும்பத்து அபாக்காவின் நாரிலிருந்து வரும் காகிதம் ஈரத்திலும் கிழியாதது. தேநீர்ப் பைகளுக்கும் ஜப்பானியப் பணத்தாள்களுக்கும் அது போகிறது. நீண்ட நார் என்பதே அதன் ரகசியம். நம் வாழைத்தண்டின் நாரும் நீளமானதே. மரக்கூழ்த் தாளோடு வாழைநார்க் கூழைக் கலந்து வார்த்த தாள் கிழிசலை எவ்வளவு தாங்கும் என்று ஒரு கல்லூரிக் குழு சோதித்துப் பார்த்தால், அந்தத் தாளுக்குப் போட்டிக்கு வெளியிலும் வேலை இருக்கும்.

ஈரம்தான் காகிதத்தின் நிஜமான எதிரி, சென்னையில் இது இரட்டிப்பு உண்மை. காற்றின் ஈரப்பதம் ஏற ஏறத் தாள் நீரைக் குடித்துத் தளரும். முழுக்க நனைந்த சாதாரணத் தாளிடம் காய்ந்த வலிமையில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. கடற்காற்று ஓட்டத்துக்கு உதவுகிறது, அதே காற்று தாளை நமுக்கவும் செய்கிறது. ஏ.வி. ரோ எண்ணெய் ஊட்டியதும், ஏரோமாடலிங்காரர்கள் மெல்லிய தாளின்மேல் டோப் என்ற நைட்ரோசெல்லுலோஸ் பூச்சை அடிப்பதும் இதற்காகவே. டோப் தாளை இறுக்கவும் செய்யும். பசைக்கு மைதா கிண்டினால் செலவு குறைவு. ஆனால் கரப்பானும் எறும்பும் வரும் என்பதால் புத்தகம் பைண்டு செய்கிறவர்கள் அதில் மயில்துத்தம் கலப்பார்கள். அதே வழக்கம் இங்கும் செல்லும். ஃபெவிகால் வலுவானது, கனமானது. மூட்டுகளுக்கு அதையும் தோலுக்கு மைதாவையும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

காகிதத்தைக் கேவலமாக நினைப்பவர்கள் இன்னும் இரண்டைத் தெரிந்துகொள்ளலாம். 1783-இல் மனிதரைச் சுமந்த முதல் பலூனைச் செய்த மான்கோல்ஃபியே சகோதரர்கள் காகித ஆலைக் குடும்பத்தினர். அவர்களுடைய பலூனின் துணிக்கு உள்ளே காகிதம்தான். அனகாபுத்தூருக்கு மேலே போகும் விமானங்களின் தரைப் பலகைகளுக்கும் உட்சுவர்களுக்கும் நடுவில், பிசின் ஊறிய செயற்கை இழைத் தாளில் செய்த அறுகோண அறைகள் இருக்கின்றன. பயணி கால் வைத்து நடப்பதே ஒருவகைத் தாளின்மேல்தான்.

சட்டத்துக்கு மூங்கில். அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நேரான, காய்ந்த, துளைப்பூச்சி அரிக்காத மூங்கிலாக இருக்க வேண்டும், கணுவில் துளை போடக்கூடாது, கட்டும் கயிறு நெகிழக்கூடாது. இறக்கையைக் காற்றுக்கு எந்தக் கோணத்தில் நிறுத்துவது என்பதே வித்தை. அதைக் காத்தாடிக்குச் சூத்திரம் போடத் தெரிந்த பையன் ஏற்கெனவே கற்றிருக்கிறான். சூத்திர நூலை ஒரு விரலளவு மேலே நகர்த்தினால் காத்தாடி தட்டையாகி நழுவும், கீழே இறக்கினால் நிமிர்ந்து குத்தி விழும். கிளைடரில் ஓட்டுபவர் தொங்கும் புள்ளியை முன்பின்னாக நகர்த்துவது இதே காரியம். பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் மொட்டை மாடிகளில் ஒரு தலைமுறைக்கு இந்த அறிவு இலவசமாகக் கிடைத்தது. மாஞ்சா கழுத்தை அறுக்கத் தொடங்கிய பிறகு காவல்துறை தலையிட்டது. நைலான் முதலான செயற்கை மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நாடு முழுதும் தடை செய்தது. தடை நியாயமானதே. மாஞ்சா இல்லாத வெறும் நூல் காத்தாடியும் அதோடு சேர்ந்து மாடிகளை விட்டுப் போய்விட்டதுதான் நஷ்டம்.

வடிவமைப்பைக் கற்க இந்த வட்டாரம் வெளியே போக வேண்டியதில்லை. அனகாபுத்தூரிலிருந்து சிறிது தூரத்தில், குரோம்பேட்டையில், சி. ராஜம் 1949-இல் தன் வீட்டை விற்றுத் தொடங்கிய மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி (எம்.ஐ.டி.) இருக்கிறது. தனியார் முயற்சியில் வானூர்திப் பொறியியல் கற்பித்த கல்லூரி அது. 1978-இல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அங்கே பாடத்துக்காக நிறுத்தியிருந்த, பணியிலிருந்து விலக்கப்பட்ட இரண்டு விமானங்களைப் பார்த்துப் பார்த்தே தான் வானூர்தியியலைத் தேர்ந்தெடுத்ததாக அப்துல் கலாம் எழுதியிருக்கிறார்.

கலாம் நினைவுகூரும் இரண்டு சம்பவங்கள் இந்த விஷயத்துக்கு நேராகப் பொருந்துவன. தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் மாணவர் குழுவில் அவர் இருந்தார். வேலை சுணங்கியதைப் பார்த்த பேராசிரியர் சீனிவாசன் மூன்று நாள் கெடு வைத்து, முடிக்காவிட்டால் உதவித்தொகை நிற்கும் என்றார். கலாம் ராப்பகலாக வரைபலகையோடு உட்கார்ந்து முடித்தார். இது ஊரறிந்த கதை. அதிகம் பேசப்படாதது மற்றது. எம்.ஐ.டி. தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் விமானத்தை நாமே கட்ட வேண்டும் என்று கலாம் தமிழில் எழுதிய கட்டுரைக்கு முதல் பரிசு கிடைத்தது. பரிசைக் கொடுத்தவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். இரண்டிலும் விமானம் காகிதத்தில்தான் இருந்தது. ஒன்றில் வரைபடத் தாள், இன்னொன்றில் எழுதும் தாள். அக்காலத்து இந்தியாவில் ஒரு மாணவர் எட்டக்கூடிய தூரம் அதுவரைதான்.

இன்று தூரம் கூடியிருக்கிறது. வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்.ஏ.இ. இந்தியாவின் தென்பிரிவு ஆண்டுதோறும் ஏரோ டிசைன் போட்டி நடத்துகிறது. போயிங் நிறுவனம் ஐ.ஐ.டி.-களோடு சேர்ந்து தேசிய அளவில் ஏரோமாடலிங் போட்டி வைக்கிறது. எம்.ஐ.டி.-யின் தக்ஷா குழு 2018-இல் ஆஸ்திரேலியாவின் ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. இவற்றில் மாணவர்கள் பால்சா மரம், நுரைப்பலகை, கார்பன் குழாய், மின்மோட்டார் ஆகியவற்றால் கட்டி, தூக்கும் எடையை முன்கூட்டியே கணித்துச் சொல்லி, ரேடியோவில் ஓட்டுகிறார்கள். நல்ல போட்டிகள். ஆனால் எந்த இறக்கையும் அதைக் கட்டியவரைச் சுமப்பதில்லை. மாதிரி விமானம் விழுந்தால் உதிரிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து அடுத்த வாரம் ஒட்டலாம். தன் முழு எடையையும் அந்த ஒட்டிலிருந்து தொங்கவிடப் போகிறவர் ஒட்டும்போது காட்டும் கவனம் வேறு. இன்னொரு முனையில், ஒரே ஏ4 தாளை மடித்து எறியும் ரெட்புல் பேப்பர் விங்ஸ் போட்டிக்கு 2006 முதல் உலகமெங்கும் கல்லூரிகளில் தகுதிச் சுற்றுகள் நடக்கின்றன, இந்தியாவிலும் உண்டு. காகித ஹேங் கிளைடர் இவ்விரண்டுக்கும் நடுவில், இரண்டின் சிரமங்களையும் சேர்த்துக்கொண்டு நிற்கிறது.

ஆளைச் சுமக்கும் மாணவர் போட்டிக்கு நெடுநாள் நிலைத்த உதாரணம் ஜப்பானில் இருக்கிறது. பிவா ஏரியில் 1977 முதல் நடக்கும் பறவைமனிதன் போட்டியில், தண்ணீரின்மேல் 10 மீட்டர் உயரத்தில் கட்டிய மேடையிலிருந்து பல்கலைக்கழகக் குழுக்கள் தாங்கள் கட்டிய கிளைடர்களில் பாய்கின்றன. பல இறக்கைகள் மேடை விளிம்பிலேயே மடங்கி ஏரியில் விழுகின்றன. தொலைக்காட்சியில் மக்கள் பார்த்து ரசிப்பதும் அதைத்தான். ஏரி இருப்பதால்தான் சிரிக்க முடிகிறது. கிராஃப்டனில் டிக்கென்சன் படகு கட்டி இழுத்ததும் ஆற்றின்மேல்தான்.

அனகாபுத்தூருக்கு ஆறு இருக்கிறது. அடையாற்றில் கோடையில் விழுந்தால் சேறு, மழைக்காலத்தில் விழுந்தால் வெள்ளம். 2015 டிசம்பரில் அதே ஆறு விமான நிலையத்துக்குள் புகுந்து சில நாட்கள் அதை மூடவைத்தது. குன்றுக்கும் குறைவில்லை. பல்லாவரம், திரிசூலம் குன்றுகளின் கிழக்குச் சரிவுகள் கடற்காற்றுக்கு நேர் எதிராகத் திரும்பி நிற்கின்றன. காகிதக் கிளைடர் கேட்கும் சரிவு இதுவே. ஆனால் சரிவின் அடியில் வீடுகள், மேலே விமானப் பாதை. 2021 ட்ரோன் விதிகள் விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 12 கிலோமீட்டர்வரை சின்ன ட்ரோனுக்கே கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. மனிதர் தொங்கும் இறக்கைக்கு இங்கே யாரும் அனுமதி தரமாட்டார்கள், தரவும் கூடாது. டாஞ்செலிஸ் சோதித்த பல்லாவரத்தில் இனி எந்தக் கிளைடரும் எழாது. வானூர்திக் கல்லூரி, ஓடுபாதை, நெசவு, மூங்கில் மண்டி, சரிவு, காற்று எல்லாம் ஒரே வட்டாரத்தில் கூடியிருந்தும், காலி ஆகாயம் மட்டும் இல்லை.

ஆகவே இங்கே இப்போட்டியை இரண்டாகப் பிரித்துத்தான் நடத்த முடியும். பறத்தலுக்கு வெளியூர் போக வேண்டும். ஏலகிரியில் பாராகிளைடிங் நடந்திருக்கிறது. மகாராஷ்டிரத்தின் காம்ஷெட்டிலும் இமாச்சலத்தின் பில்லிங்கிலும் பயிற்சி தருகிறவர்கள் இருக்கிறார்கள். மாணவர் முதலில் தொழிற்சாலைக் கிளைடரில் கற்றுக்கொண்ட பிறகே காகிதத்தைத் தொட வேண்டும். முதல் பறப்புகள் ஆள் உயரத்துக்கு மேல் போகக்கூடாது. சரிவு புல்லாக இருக்க வேண்டும், காற்று சீராக இருக்க வேண்டும், தலைக்கவசம் கட்டாயம், மழை தூறினால் அன்றைய ஆட்டம் முடிந்தது.

முதல் பாதியை அனகாபுத்தூரிலேயே ஒரு பள்ளி மைதானத்தில் வைத்துக்கொள்ளலாம். விமானத் தொழிலில் பழங்காலம் முதல் உள்ள மணல் மூட்டைச் சோதனை அது. பறக்கும்போது காற்று கீழிருந்து மேலாகத் தள்ளும் என்பதால், கிளைடரைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஓட்டுபவர் தொங்கும் புள்ளியிலும் நடுச்சட்டத்திலும் முட்டுக் கொடுத்து நிறுத்துவார்கள். பிறகு இறக்கையின் அடிப்புறத்தில், நடுவில் அதிகமாகவும் நுனியில் குறைவாகவும், இரண்டு கிலோ மணல் பைகளைப் பரப்புவார்கள். 95 கிலோ பறப்பெடைக்கு முதல் சுற்றில் 95 கிலோ. அடுத்து இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு. ஒவ்வொரு சுற்றிலும் நுனி எவ்வளவு தாழ்ந்தது என்று அளவுகோல் வைத்துக் குறிக்க வேண்டும். பையை எடுத்த பிறகு நுனி பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டால், உடையாவிட்டாலும் அது தோற்ற இறக்கை. உடையும் முன்பு மூங்கில் முனகும். தாள் மட்டும் எச்சரிக்கை கொடுக்காமல் ஒரே சத்தத்தில் கிழியும், அநேகமாகப் பசைப் பட்டையின் விளிம்பில். கிழிந்த இடத்தைக் குழுக்கள் எல்லாம் வந்து பார்க்க வேண்டும் என்பதை விதியாகவே வைக்கலாம். தாங்கிய பாரத்தை இறக்கையின் சொந்த எடையால் வகுத்து மதிப்பெண் போடுவது நியாயம்; கனமாகக் கட்டித் தப்பிக்கும் வழி அப்போது அடைபடும். காலையில் ஒரு சுற்று, தாளில் ஈரம் ஏறிய பிறகு மாலையில் ஒரு சுற்று என்று வைத்தால், எந்தக் குழு பூச்சைச் சரியாகப் போட்டது என்பதும் தெரிந்துவிடும். நான்கு மடங்குப் பாரத்தை மாலைச் சுற்றிலும் தாங்கிய இறக்கைகளை மட்டும் சரிவுக்கு அனுப்பினால் போதும்.